உலகமே படித்தது... இலக்கிய உலகம் மட்டும் கதவைச் சாத்தியது! யார் இந்த ஜூல்ஸ் வெர்ன்?

'80 நாட்களில் உலகைச் சுற்றி', 'கடலுக்கடியில் 20 ஆயிரம் லீக்', 'பூமியின் மையத்துக்கு ஒரு பயணம்'... புத்தகம் படிக்காதவங்க கூட இந்தக் கதைகளை சினிமாவாகவோ கார்ட்டூனாகவோ பார்த்திருப்பாங்க. அதிகம் மொழிபெயர்க்கப்பட்ட எழுத்தாளர்களுக்கான யுனெஸ்கோ பட்டியலில் அகதா கிறிஸ்டிக்கு அடுத்த இடம் ஜூல்ஸ் வெர்னுக்குத்தான். ஆனா, உயிரோடு இருந்தவரை சொந்த நாடான பிரான்ஸ் அவரை பெரிய இலக்கியவாதிகள் வரிசையில் சேர்க்கவே இல்லை. ஏன்?

வக்கீல் வீட்டுப் பிள்ளை

1828 பிப்ரவரி 8. பிரான்ஸின் துறைமுக நகரமான நான்டில் பிறந்தார் வெர்ன். அப்பா வக்கீல். மகனும் அதே தொழிலுக்கு வரணும்னு பாரிஸுக்கு சட்டம் படிக்க அனுப்பினார். மகன் படிப்பை முடித்தார். ஆனா மனசு முழுக்க நாடகத்தில். ஊருக்குத் திரும்ப மறுத்துவிட்டார்.

1857-ல் திருமணம். மனைவி ஓனரின், இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்த இளம் விதவை. குடும்பச் செலவுக்காக பங்குச் சந்தையில் வேலைக்குச் சேர்ந்தார். விடியற்காலையில் எழுத்து, பகலில் பங்குச் சந்தை. இப்படித்தான் ஓடியது வாழ்க்கை.

திருப்புமுனை... கூடவே ஒரு முத்திரை

1862-ல் பதிப்பாளர் ஹெட்செலைச் சந்தித்தார். அடுத்த வருஷமே 'பலூனில் ஐந்து வாரங்கள்' வெளியாகி ஹிட் அடித்தது. வருஷா வருஷம் புதுப் புத்தகம் தரணும்னு ஒப்பந்தம் போட்டார் ஹெட்செல்.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது. பல நாவல்கள் ஹெட்செலின் சிறுவர், குடும்பப் பத்திரிகையில் தொடராக வந்தன. பிறகு படங்களோடு கெட்டி அட்டைப் புத்தகங்களாகி, புத்தாண்டுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பரிசாகின. விற்பனை அமோகம். ஆனா 'சிறுவர் எழுத்தாளர்' என்ற முத்திரை ஒட்டிக்கொண்டது.

பெட்டிக்குள் தூங்கிய நாவல்

முதல் வெற்றிக்குப் பிறகு வெர்ன் எழுதிய ஒரு நாவலை ஹெட்செல் திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரும் நம்ப மாட்டாங்க, உங்க பேரும் கெட்டுப்போகும் என்பது அவர் வாதம். கதை நடப்பது 1960-ல். பெட்ரோல் இல்லை, வாயுவில் ஓடும் கார்கள், அதிவேக ரயில்கள், ஃபேக்ஸ் மாதிரி ஒரு கருவி... எல்லாம் அதில் இருந்தன. நாயகன், கவிதைக்கு மதிப்பே இல்லாத அந்த உலகத்தில் வறுமையில் வாடும் இளம் கவிஞன்!

நெமோ ஒரு இந்தியர்!

நாட்டிலஸ் நீர்மூழ்கியின் கேப்டன் நெமோவை, ரஷ்யர்களிடம் குடும்பத்தை இழந்த போலந்துக்காரராகத்தான் வெர்ன் முதலில் நினைத்திருந்தார். ரஷ்யாவில் விற்பனை பாதிக்கும்னு ஹெட்செல் தடுத்தார். அதனால் நெமோ யார் என்பது அந்த நாவலில் ரகசியமாகவே இருந்தது.

பிறகு வந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் விடை. நெமோ, பந்தேல்கண்டின் இளவரசர் டக்கார். திப்பு சுல்தானின் உறவினர். 1857 எழுச்சியில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போராடி, குடும்பத்தையே பறிகொடுத்தவர். இங்கிலாந்தில் வந்த முதல் மொழிபெயர்ப்பு, இந்தப் பகுதியில் இருந்த ஆங்கிலேய எதிர்ப்பை மாற்றிவிட்டது. 'கடலுக்கடியில்' நாவலின் ஆரம்பகால ஆங்கிலப் பதிப்பிலோ சுமார் கால்வாசியே காணோம். அதைப் படித்தவங்க, இது ஏதோ சின்னப் பிள்ளைகள் கதைன்னு முடிவுகட்டியதில் ஆச்சரியம் இல்லை.

திறக்காத கதவு

1870-ல் அரசு விருது கிடைத்தது. ஆனா பிரெஞ்சு அகாதெமியில் இடம் கிடைக்கவே இல்லை. தன் பெயர் இலக்கியத்தில் இல்லையே என்ற வருத்தத்தை வயதான காலத்தில் வெர்ன் வெளிப்படையாகவே சொன்னார்.

1886 மார்ச்சில் இரண்டு அடி. மனநலம் பாதிக்கப்பட்ட அண்ணன் தம்பி வழி மகன் ஒருவர் சுட்டதில் காலில் காயம். கடைசி வரை நொண்டித்தான் நடந்தார். அதே மாதம் ஹெட்செலும் இறந்தார். ஆனாலும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1905 மார்ச் 24-ல் அமியான் நகரில், 77 வயதில் காலமானார்.

107 வருஷம் கழித்து...

1950 வாக்கில் மிஷேல் புட்டோர், ரோலான் பார்த் போன்றவர்கள் வெர்னைப் பற்றித் தீவிரமாக எழுதத் தொடங்கினர். நிராகரிக்கப்பட்ட அந்த நாவல் 1989-ல் குடும்பத்தின் பழைய இரும்புப் பெட்டியில் கிடைத்து, 1994-ல் புத்தகமானது.

2012-ல், பிரான்ஸில் பெரும் கௌரவமாகக் கருதப்படும் பிளெயாட் நூல் வரிசையில் வெர்னின் நாவல்கள் இடம்பிடித்தன. நெமோ வரும் இரண்டு கதைகளும் அதில் உண்டு. வாசகர்கள் அன்றே கொடுத்த இடத்தை, இலக்கிய உலகம் கொடுக்க அவர் இறந்து 107 வருஷம் ஆனது.