திரியின்றி வெடித்த மருந்து

வெடிமருந்து என்றதும் எம். புதுப்பட்டிப் பக்கத்தாராகிய நமக்குத் திரியும் நெருப்பும்தாம் நினைவுக்கு வரும். ஆனால் 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு பேராசிரியர், கம்பியோ திரியோ இன்றி, சுவருக்கு அப்பாலிருந்த வெடிமருந்தை வெடிக்கச் செய்தார். மணியையும் ஒலிக்கச் செய்தார். கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளே அவருடைய தூதுவர்கள். அவர்தாம் ஜகதீச சந்திர போஸ்.

இன்றைய வங்காளதேசத்திலுள்ள மைமன்சிங்கில் 1858 நவம்பர் 30 அன்று அவர் பிறந்தார். மீனவர் பிள்ளைகளோடு அமர்ந்து தாய்மொழியில் எழுத்துக் கற்றார். பின்னர் கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில், இயேசு சபைக் குருவான லஃபோன் அடிகளார் அவருக்கு இயற்பியலில் ஆர்வமூட்டினார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பி, 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அங்கே இந்தியருக்கு வெள்ளையரைவிடக் குறைந்த சம்பளம். போஸ் அதைத் தொடவில்லை. ஒரு நாளும் கடமை தவறாமல் மூன்று ஆண்டுகள் ஊதியமின்றிப் பாடம் நடத்தினார். இறுதியில் அரசு பணிந்தது. முழுச் சம்பளமும் பாக்கியுடன் வந்தது.

சிற்றறை ஒன்றே அவருடைய ஆய்வுக்கூடம். தகரவேலை செய்யும் தொழிலாளி ஒருவர் துணையோடு கருவிகள் செய்தார். கலீனா என்னும் ஈயக் கனிமப் படிகத்தில் உலோக முனையைத் தொடச் செய்து, வானொலி அலைகளைக் கண்டறிந்தார். பணத்தை நாடாத அவர், நண்பர்கள் வற்புறுத்தியதால் 1901-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1904-இல் அமெரிக்கா அதை வழங்கியது. 1917-இல் போஸ் ஆய்வு நிலையத்தை நிறுவினார். 1937-இல் மறைந்தார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1947-இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான பிராட்டன், படிகத்தால் வானொலி அலைகளை முதலில் கண்டறிந்தவர் போஸ் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

டிரான்சிஸ்டரில் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என மூன்று பகுதிகள் உண்டு. அடிவாயும் ஏற்பானும் கூடும் சந்தியில் மின்னழுத்தத்தை எதிர்த்திசையில் கொடுப்பார்கள். இதுவே பின்னோக்குச் சார்பு. தனியே நின்றால் அச்சந்தி மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். சிறு கசிவு மட்டுமே இருக்கும். ஆனால் என்.பி.என். வகையில், உமிழ்ப்பானிலிருந்து மெல்லிய அடிவாய்க்குள் வரும் எலக்ட்ரான்களை அதே எதிர் மின்னழுத்தம் ஏற்பானுக்குள் இழுத்துக்கொள்கிறது. இவ்வாறு அடிவாயில் பாயும் சிறு மின்னோட்டம் ஏற்பானில் பெரிய மின்னோட்டத்தை ஆள்கிறது. மெல்லிய ஒலி வானொலிப் பெட்டியில் உரத்துக் கேட்பது இதனால்தான்.

தோழியரே, தடையென நாம் நினைக்கும் எதிர்ப்பே அங்கே வேலையை நடத்துகிறது. மூன்று ஆண்டுகள் சம்பளமின்றி நின்ற அந்த ஆசிரியரின் வாழ்வும் நமக்கு இதையே கற்பிக்கிறது.