நீதியரசர் அமீர் அலீயும் கொடைச் சட்டமும்

சையித் அமீர் அலீ என்றவுடன் 'தி ஸ்பிரிட் ஆஃப் இஸ்லாம்' என்னும் நூலே நம் நினைவில் எழும். அந்நூற்புகழின் நிழலில் மறைந்து நிற்கும் சட்ட அறிஞரைப் பற்றியே நாம் இங்கு எழுத விழைகின்றோம்.

1849ஆம் ஆண்டில் பிறந்து, ஹூக்ளிக் கல்லூரியில் பயின்று, 1873இல் லண்டனில் பாரிஸ்டராகிக் கல்கத்தா திரும்பியவர் அவர். 1884இல் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளை நிகழ்த்தும் பேறு அவருக்கு வாய்த்தது. கொடை, வக்ஃபு, மரணசாசனம் ஆகியவற்றில் முஸ்லிம் சட்டம் யாது கூறுகின்றது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர்தான் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி, கைம்மாறு கருதாது மனமுவந்து அளிக்கப்படும் சொத்தை, அளிப்பவர் உயிரோடிருக்கும்போதே பெறுபவர் ஏற்றாக வேண்டும். நிலமோ வீடோ எனில், இரு சாட்சிகள் சான்றொப்பமிட்ட பத்திரம் பதிவு செய்யப்படுதல் வேண்டும். ஆயினும் அச்சட்டத்தின் 129ஆம் பிரிவு, முஸ்லிம்களின் கொடை விதிகளைத் தொடாது விடுத்தது.

அவ்விதிகள் மூன்று தேவைகளைக் கூறும்: அளிப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, சொத்தைக் கைவசம் ஒப்படைத்தல். இவற்றுள் மூன்றாவதே ஹிபாவின் உயிர்நிலை எனலாம். மரணசாசனத்தால் ஒருவர் தம் சொத்தில் மூன்றிலொரு பங்கையே வாரிசல்லாதார்க்குத் தரவியலும். உயிரோடிருக்கும்போது தரும் ஹிபாவுக்கோ அவ்வரம்பு இல்லை. மகனொருவனுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டதாக வாயளவில் கூறிவிட்டு, சாகும்வரை வாடகையைத் தாமே வாங்கி வரும் தந்தையை எண்ணிப் பார்ப்போம். அச்சொல் செல்லுமாயின் கைம்பெண்ணின் பங்கும் பெண்மக்களின் பங்கும் என்னாவது? உண்மையாகவே கைவிட்டுக் கொடுத்தவரின் கொடை மட்டுமே நிற்கும் என்பது எத்துணை நுட்பமான காப்பு! மரண நோயில் தரும் கொடையையும் இச்சட்டம் மூன்றிலொரு பங்குக்குள் அடக்கிவிடுகின்றது. தந்தை தம் பொறுப்பிலுள்ள சிறு பிள்ளைக்குத் தரும்போது ஒப்படைப்பு வேண்டப்படுவதில்லை. மூன்று தேவைகளும் நிறைவேறியிருப்பின், எழுத்து பதிவு செய்யப்படாமையாலேயே ஹிபா செல்லாதாகிவிடாது என 2011இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது.

1890 முதல் 1904 வரை கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய அமீர் அலீக்கு, இக்கல்வியே ஒரு போராட்டமாயிற்று. தம் குடும்பத்தார்க்கும் வழித்தோன்றல்களுக்கும் பயன்படுமாறு செய்யப்படும் வக்ஃபு செல்லுமா என்னும் வினா முழு ஆயத்தின் முன் வந்தபோது, உற்றாரைப் பேணுவதும் இஸ்லாத்தில் அறமே எனக் கொண்டு, பெரும்பான்மையோரின் முடிவினின்று அவர் மாறுபட்டார். அவர் கருத்து ஏற்கப்படவில்லை. 1894இல் லண்டன் பிரிவி கவுன்சிலும், ஏழைகளுக்குரிய பயன் பெயரளவினதாயின் அத்தகைய வக்ஃபு செல்லாது என்றது. தலைமுறைக்கென ஒதுக்கிய சொத்துகள் கடன்காரர் கைக்குச் செல்ல வழி திறந்தது.

முஸ்லிம்களின் முறையீடு ஓயவில்லை. முகம்மது அலி ஜின்னா முன்மொழிந்த மசோதா 1913இல் வக்ஃபு செல்லுபடிச் சட்டமாயிற்று. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னரே, 1909இல், அமீர் அலீ அதே பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவில் முதல் இந்தியராக அமர்ந்திருந்தார். எனினும் 1913க்கு முன் செய்யப்பட்ட வக்ஃபுகளுக்கு அச்சட்டம் பயன்படவில்லை. அவற்றையும் காக்கும் சட்டம் 1930இல் வந்தது. அமீர் அலீ 1928ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் மறைந்துவிட்டிருந்தார்.