பாவாதமலைப் பாதையில் இப்னு பதூதா

கல்முனைக் கரையில் நின்று மேற்கே நோக்கினால், நெல்வயல்களுக்கு அப்பால் நீல நிறத்தில் சில குன்றுகள் தெரியும். பாவாதமலை எமது கண்ணுக்கு எட்டாத தொலைவில் உள்ளது. ஆயினும் அதன் பெயர் எமக்கு அந்நியமானதன்று. பௌத்தர்கள் ஸ்ரீபாத என்றும், இந்துக்கள் சிவனொளிபாதமலை என்றும், கிறிஸ்தவர்கள் ஆதாமின் சிகரம் என்றும், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் அழைக்கும் அந்த 2,243 மீற்றர் உயரச் சிகரத்தின் உச்சியில் இருப்பது ஒரே ஒரு பாதச் சுவடுதான். அதனை நாடிச் சென்ற யாத்திரிகர்கள் எண்ணிலடங்கார். அவர்களுள் தாம் நடந்த வழியைப் படிப்படியாகச் சொல்லி வைத்தவர் மொரோக்கோ நாட்டின் இப்னு பதூதா ஆவார். அவரது வாழ்வை இன்று நாம் நினைவுகூர்வதற்குத் தக்க காரணம் உண்டு.

ஆதம் நபி (அலை) அவர்கள் பூமியில் எவ்விடத்தில் இறக்கப்பட்டார்கள் என்பதைத் திருக்குர்ஆன் பெயர் சுட்டிக் கூறவில்லை. எனினும் அவ்விடம் ஸரந்தீப் தீவின் மலையே என்ற நம்பிக்கை அரபு வணிகர்களிடையே வெகுகாலமாக நிலவி வந்தது. கி.பி. 851 இல் எழுதப்பட்ட அரபு நூலொன்று அம்மலையையும் அதிலுள்ள சுவட்டையும் குறிப்பிடுகின்றது. மேற்கின் கோடியில் வாழ்ந்த இப்னு பதூதாவின் உள்ளத்திலும் இந்த ஆவல் குடிகொண்டிருந்தது.

அவர் 1304 ஆம் ஆண்டு பெப்ரவரியில் தான்ஜியர் நகரில், மார்க்கச் சட்டம் பயின்ற குடும்பமொன்றில் பிறந்தார். ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றும் நோக்குடன் 1325 ஜூனில், தமது 21 ஆவது வயதில், பெற்றோரைப் பிரிந்து தனியராகப் புறப்பட்டார். மக்காவை அடைந்து ஹஜ்ஜை முடித்த பின்னரும் அவரது கால்கள் ஓயவில்லை. ஈராக், பாரசீகம், கிழக்கு ஆபிரிக்கக் கரை, அனத்தோலியா, கொன்ஸ்தாந்திநோபிள் என அவரது பயணம் நீண்டது. பின்னர் இந்துகுஷ் மலைத்தொடரைக் கடந்தார். வெயில் ஏறும்வரை காத்திருந்து, பனியில் ஒட்டகங்களின் கால்கள் புதையாதிருக்கக் கம்பளிகளை விரித்து நடத்திச் சென்றதாக அவர் கூறுகின்றார். 1333 செப்டம்பரில் சிந்து நதியை அடைந்தார்.

தில்லியில் முஹம்மத் பின் துக்ளக் அவரைக் காழியாக நியமித்தார். பல ஆண்டுகளின் பின்னர் அதே சுல்தானின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்டார். ஆனால் கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தில் புயல் அடித்ததில் தூதுப் பரிசுகள் ஏற்றிய கப்பல் உடைந்தது. அவரது உடைமைகள் இருந்த கப்பலோ அவரை விட்டுச் சென்றது. தில்லிக்குத் திரும்ப அஞ்சியவர் மாலைதீவை அடைந்து அங்கும் காழியாகப் பணியாற்றினார். அரண்மனைப் பூசல்கள் முற்றவே, 1344 ஆம் ஆண்டில் அங்கிருந்து வெளியேறினார்.

அவர் செல்ல எண்ணியது மஃபர் எனப்பட்ட தமிழகக் கரைக்கே. காற்று கப்பலை இலங்கைக்குத் தள்ளியது. கரையை அடைவதற்குப் பல நாள்களுக்கு முன்னரே வானத்தில் புகைத்தூண் போல அந்த மலை தெரிந்ததாக அவர் சொல்கின்றார். கப்பல் ஒதுங்கிய இடம் புத்தளம். அது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அம்மன்னரைக் கடற்கொள்ளையர் எனக் கருதிய மாலுமிகள் கரையிறங்கத் தயங்கினர். தாமே சென்று அபயம் பெற்று வருவதாகக் கூறி இப்னு பதூதா இறங்கினார்.

மாலுமிகள் அஞ்சியவாறு எதுவும் நடக்கவில்லை. சைவரான அம்மன்னர் எழுந்து வந்து வரவேற்று அவரைத் தம் அருகில் அமர்த்தினார். அவருக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்தது. மூன்று நாள்கள் உபசரித்து, முத்துக்களைப் பரிசளித்து, வேறென்ன வேண்டுமெனக் கேட்டபோது, ஆதமின் பாதத்தைத் தரிசிப்பதன்றித் தமக்கு வேறு விருப்பம் இல்லையென விருந்தினர் தெரிவித்தார். மன்னர் ஒரு பல்லக்கையும் அதனைச் சுமப்போரையும் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரச பரிவாரத்தினர் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர் என 32 பேர் உடன் சென்றனர். திரும்பி வரும்வரை கப்பல் காத்திருந்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மொரோக்கோவிலிருந்து வந்த முஸ்லிம் ஒருவரை, தமிழ்ச் சைவ மன்னர் ஒருவரின் ஆதரவுடன், யோகிகளும் பிராமணர்களும் வழிகாட்டி, சிங்கள மன்னரின் நிலத்தினூடாக, பௌத்தர்கள் வணங்கும் மலைக்கு அழைத்துச் சென்றனர். இவ்வாறு சேர்ந்து போவதை எவரும் விந்தையாகக் கொண்டதாக அவரது நூலில் குறிப்பில்லை.

புத்தளத்திலிருந்து சிலாபம் வழியாகச் சென்ற குழு, குனகார் என அவர் குறிப்பிடும் தலைநகரை அடைந்தது. அது இன்றைய எந்த நகர் என்பதில் ஆய்வாளரிடையே உடன்பாடில்லை. அங்கிருந்து குகைகளும் ஆறுகளும் குரங்குக் கூட்டங்களும் நிறைந்த காட்டுவழி தொடங்கியது. ஈரப் புல்லிலிருந்து பாய்ந்து பற்றும் அட்டைகளைப் பற்றி அவர் விரிவாகவே எழுதியுள்ளார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் அட்டை விழுந்துவிடும். கடிபட்ட இடத்தை மரக்கத்தியால் வழித்துவிட வேண்டும். இதனை அவர் அவ்வழி சென்றவர்களிடம் கற்றுக்கொண்டார்.

உச்சிக்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று ஆதம் நபியைக் குறிக்கும் பாபா வழி. மற்றையது அன்னை ஹவ்வாவைக் குறிக்கும் மாமா வழி. மாமா வழி இலகுவானது. யாத்திரிகர்கள் அதனூடாகத் திரும்புவர். அவ்வழியாகவே ஏறியவர் யாத்திரை செய்தவராகக் கொள்ளப்படார். பாபா வழியோ செங்குத்தானது. முன்னோர் பாறையில் படிகளை வெட்டி, இரும்பு முளைகளை அறைந்து, பிடித்து ஏறுவதற்குச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தனர். அவ்வாறான சங்கிலிகள் பத்து. பத்தாவதன் பெயர் ஷஹாதாச் சங்கிலி. அங்கு நின்று கீழே நோக்குபவர் விழுந்துவிடுவோமென்ற அச்சத்தில் கலிமாவை மொழிவதால் அதற்கு அப்பெயர் ஏற்பட்டது. இரத்தினபுரியிலிருந்து ஏறும் நீண்ட வழியே பாபா வழி எனக் கருதுவோர் உளர்.

சங்கிலிகளைக் கடந்த பின்னர் கிழ்று (அலை) அவர்களின் பெயரால் அழைக்கப்பட்ட குகை வந்தது. யாத்திரிகர்கள் தம் பொருள்களை அங்கே வைத்துவிட்டு உச்சிக்குச் செல்வர். மூன்று நாள்கள் அங்கே தங்கி, காலையும் மாலையும் பாதத்தைத் தரிசிப்பது வழக்கம். இப்னு பதூதாவும் அவ்வாறே செய்தார். மேலே நின்றபோது முகில்கள் தமக்குக் கீழே பரந்து மலையடிவாரத்தை மறைத்திருந்ததை அவர் கண்டார். பாதத்தைச் சூழப் பாறையில் ஒன்பது குழிகள் இருந்தன. பிற மதத்தவர் அவற்றில் பொன்னையும் மணிகளையும் காணிக்கையாக இடுவர். ஏழைப் பக்கீர்கள் போட்டியிட்டு ஓடிச் சென்று அவற்றை எடுத்துக்கொள்வர். அவருக்குக் கிடைத்ததோ சிறிதளவே. அதனையும் வழிகாட்டிக்கே கொடுத்துவிட்டார்.

மாமா வழியாக இறங்கியவர் தெற்கே தெவிநுவரக் கோயிலையும், காலி, கொழும்பு ஆகிய துறைமுகங்களையும் பார்த்துவிட்டுப் புத்தளம் மீண்டார். அங்கிருந்து தமிழகத்தை நோக்கிச் செல்கையில் கப்பல் உடைந்து அரிதில் உயிர் பிழைத்தார். மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் அவருக்கு மணவழி உறவினர். அச்சுல்தான் போரில் பிடிபட்ட பெண்களையும் குழந்தைகளையும் கொல்வித்ததைக் கண்டு இப்னு பதூதா மனம் வெறுத்தார். அக்கொடுமையை அவர் தமது நூலில் மறைக்கவில்லை. பிற மதத்து மன்னரின் நற்பண்பை எழுதிய அதே நாவு, தம் மதத்து உறவினரின் தீச்செயலையும் எடுத்துரைத்தது. அவரிடம் நாம் பெரிதும் மதிப்பது இந்த நேர்மையையே.

பின்னர் மலபார்க் கரையில் கடற்கொள்ளையர் அவரது உடைமைகள் யாவற்றையும் பறித்தனர். இலங்கை மன்னர் அளித்த மணிகளும் அவற்றோடு போயின. சீனா சென்று 1349 இல் தாயகம் திரும்பியபோது, தாயார் கொள்ளைநோயால் சில மாதங்களுக்கு முன்னரே காலமாகியிருந்தார். அதன் பின்னர் அந்தலூசியாவுக்கும் மாலி நாட்டுக்கும் சென்று வந்தார். பாஸ் நகரில் மொரோக்கோ சுல்தானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதிய ரிஹ்லா, 1355 டிசம்பரில் நிறைவுற்றது. நினைவிலிருந்து சொல்லப்பட்டமையால் தூரங்களிலும் நாள் கணக்கிலும் பிழைகள் உண்டென ஆய்வாளர் கூறுவர். அவர் பின்னர் தம் நாட்டிலேயே காழியாக வாழ்ந்து மறைந்தார்.

மலையேற்றத்தின் வரலாற்றை எழுதும் ஐரோப்பியர், இத்தாலியக் கவிஞர் பெற்றார்க் 1336 இல் வென்டூ மலையில் ஏறியதை அதன் தொடக்கமாகக் கூறுவதுண்டு. எட்டு ஆண்டுகளின் பின்னர் இப்னு பதூதா ஏறிய பாதையிலோ சங்கிலிகள் ஏற்கனவே பழையனவாகியிருந்தன. அவர் எவ்விதச் சாதனையையும் கோரவில்லை. இன்று சுவிட்சர்லாந்தின் செர்மாட் போன்ற மோட்டார் கார் நுழையாத மலையூர்களை நாடி உலகோர் செல்கின்றனர். எமது மலையிலும் நல்லதண்ணியோடு வாகனம் நின்றுவிடும். அதற்கு மேல் ஆயிரக்கணக்கான படிகளை எவரும் தம் கால்களாலேயே ஏறியாக வேண்டும்.

அவர் கரையிறங்கிய அதே புத்தளத்தில்தான் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெருந்தொகையானோர் தஞ்சமடைந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், எமது அயலூரான வீரமுனைக் கோயிலிலும் அப்பாவிகளின் இரத்தம் சிந்தப்பட்டது. ஆரியச் சக்கரவர்த்தியின் காலத்தில் பூசல்களே இருக்கவில்லை என நாம் சொல்ல வரவில்லை. போர்களும் கொள்ளைகளும் அன்றும் இருந்தன. ஆயினும் ஒருவரின் யாத்திரைக்கு மற்றவர் வழிகாட்டுவது அன்று இயல்பான செயலாக இருந்தது. அதனை மீட்டெடுக்கும் பொறுப்பு தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராருக்கும் உரியது. மன்னர் கொடுத்த மணிகளைக் கொள்ளையர் பறித்துச் சென்றனர். துணை வந்த அந்த 32 பேரைப் பற்றிய நினைவு மட்டும் இப்னு பதூதாவிடம் எஞ்சியிருந்து, இன்று எம்மையும் வந்தடைந்துள்ளது.