நூலக எண்ணுக்குச் சொந்தக்காரர் யார்? மெல்வில் டியூயியின் கதை

நூலகத்தில் ஒரு தமிழ் நாவலை எடுத்து அதன் முதுகைப் பாருங்க. பல நூலகங்களில் அங்கே 894.811 என்று ஓர் எண் ஒட்டியிருக்கும். டியூயி தசம வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்துக்கான எண் அது. எழுதியவர் ஒருவர், பிரதியை வாங்கியது நூலகம். ஆனால் அந்த வகைப்பாட்டுக்கு அமெரிக்காவில் தனியாக ஒரு சொந்தக்காரர் உண்டு, வர்த்தக முத்திரையோடு!

இது எப்படி நடந்தது?

மெல்வில் டியூயி 1851-ல் நியூயார்க் மாகாணத்தின் ஆடம்ஸ் சென்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர். எதுவும் வீணாவது அவருக்குப் பிடிக்காது. ஆங்கிலத்தில் ஒலிக்காத எழுத்துகள் தண்டம் என்று நினைத்து, தன் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளையே வெட்டியவர்.

ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் படிக்கும்போதே அங்குள்ள நூலகத்தில் வேலை பார்த்தார். அப்போது பல நூலகங்களில் எண் என்பது அலமாரியின் முகவரிதான். அலமாரி மாறினா எண்ணும் மாறணும். டியூயி எண்ணை இடத்துக்குக் கொடுக்காமல், பொருளுக்குக் கொடுத்தார். அறிவை 10 வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பத்துப் பத்தாகப் பிரித்தார். 1876-ல் 44 பக்கப் புத்தகமாக வந்த அந்த முறையின் முதல் பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லை.

இதில் ஒரு பெரிய விஷயம் ஒளிஞ்சிருந்தது. எண் அலமாரியைச் சாராதபோது, ஒரு நூலகத்தில் போட்ட எண் இன்னொரு நூலகத்துக்கும் பொருந்தும். அப்படின்னா ஒரே புத்தகத்துக்கு ஆயிரம் நூலகர்கள் ஆயிரம் முறை பட்டியல் எழுத வேண்டாமே? ஒருமுறை எழுதி எல்லாரும் பகிர்ந்துக்கலாம் என்று அதே காலத்தில் வாதாடியவர் டியூயி. 1901-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தான் அச்சிட்ட பட்டியல் அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. 1930 முதல் அந்த அட்டைகளில் டியூயி எண்களும் ஏறின.

பகிரச் சொன்ன அதே மனிதர், 1876 மார்ச்சிலேயே தன் முறைக்குக் காப்புரிமையும் வாங்கி வைத்தார். அதில் நியாயமே இல்லைன்னு சொல்ல முடியாது. ஆளாளுக்கு எண்ணை மாற்றினால் பகிர்வே குலைஞ்சிடும். 1895-ல் பிரஸ்ஸல்ஸிலிருந்து பால் ஓட்லே, ஹென்றி லா ஃபோன்தேன் இருவரும் அவரிடம் அனுமதி பெற்று, அவர் முறையை விரித்துத்தான் உலகப் பொதுத் தசம வகைப்பாட்டை உருவாக்கினார்கள்.

ஆளைப் பற்றியும் சொல்லணும். 1887-ல் கொலம்பியாவில் அவர் தொடங்கிய நூலகப் பள்ளியின் முதல் 20 மாணவர்களில் 17 பேர் பெண்கள். நிர்வாகம் எதிர்த்தும் அவர் கேட்கவில்லை. அதே டியூயி பெண்களிடம் அத்துமீறியதாகப் புகார்கள் எழுந்தன. அவர் நடத்திய லேக் பிளாசிட் கிளப்பில் யூதர்களுக்கு இடமில்லை. அதற்கு எதிரான மனுவுக்குப் பிறகு, 1905-ல் மாகாண நூலகர் பதவியை விட்டு விலகினார். 2019-ல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது.

1920-களில் வகைப்பாட்டின் உரிமையை கிளப் சார்ந்த அறக்கட்டளைக்குக் கொடுத்தார். 1931 டிசம்பர் 26 அன்று இறந்தார். உரிமை மட்டும் பயணத்தைத் தொடர்ந்தது. 1988-ல் அது ஓசிஎல்சி கைக்கு வந்தது. ஓஹியோவைச் சேர்ந்த இந்த அமைப்பு லாப நோக்கற்றது; உலக நூலகங்களின் பட்டியல் பதிவுகளைத் திரட்டிவைக்கும் வேர்ல்ட்கேட் இவர்களுடையதுதான்.

2003-ல் ஓசிஎல்சி ஒரு ஹோட்டல்மேல் வழக்குப் போட்டது. நியூயார்க்கின் லைப்ரரி ஹோட்டல், தன் தளங்களுக்கு டியூயி வகுப்புகளைச் சூட்டியிருந்தது, அவ்வளவுதான். கடைசியில் சமரசம்: பெயரைப் பயன்படுத்தலாம், உரிமையாளர் யார் என்று சொல்லணும், குழந்தைகள் வாசிப்புக்காக நன்கொடையும் தரணும்.

அடுத்து பட்டியல் பதிவுகள். வேர்ல்ட்கேட்டில் இருந்து எடுத்த பதிவை யாருக்கெல்லாம் தரலாம் என்று 2008 நவம்பரில் ஓசிஎல்சி புது விதிகளை அறிவித்தது. பதிவுகளை எழுதியதே நாங்கள்தானே என்று நூலகர்கள் கொதித்தார்கள். மத்திய அரசு ஊழியர் பணியின்போது எழுதிய பதிவுக்கு அமெரிக்காவில் காப்புரிமையே கிடையாது என்பதும் வாதமானது. எதிர்ப்பு வலுத்ததும் 2009-ல் அந்த விதிகள் திரும்பப் பெறப்பட்டன. 2010-ல் வந்த மாற்று ஏற்பாடு, சட்ட மிரட்டலைக் குறைத்துக்கொண்டு, கூட்டுறவு உறுப்பினர்களின் உரிமை, பொறுப்பு என்று பேசியது. டியூயியின் 1876 பதிப்பை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். தற்போதைய பதிப்பு வேண்டும் என்றால் ஓசிஎல்சியிடம் சந்தா கட்டணும்.