எண்ணிப் பார்த்த அம்மையார்

ஆண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு நம் மன்றச் செயலாளர் கேட்டார். கியூரி அம்மையாரைப் பற்றி எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். ஆய்வுக்கூடமே கதியென்று கிடக்கும் ஒருத்தி வேறு யாரைப் பற்றி எழுதுவாள்? ஆனால் நான் எழுத விரும்பியது வேறோர் அம்மையாரைப் பற்றி. அதன் காரணத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

சென்ற ஆண்டு, செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள் முன்னர், ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்த நான் கண் இருண்டு கீழே விழுந்தேன். அன்று மாதவிலக்கின் ஒன்பதாம் நாள். குருதி நின்றபாடில்லை. பல மாதங்களாகவே அப்படித்தான். ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவில், மொழியும் உணவும் வேறான விடுதியில், இதை யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அவர் அன்றிரவு உறங்கமாட்டார். அறைத் தோழியிடம் சொல்ல நாணம். நம் பாட்டிமார் இந்த நோய்க்குப் பெரும்பாடு என்று பெயர் வைத்திருந்தனர். பெயர் வைத்தார்களே தவிர, அதைப் பற்றி வாய் திறந்து பேசுவது நம் வீடுகளில் வழக்கமில்லை. மருத்துவர் குருதியைச் சோதித்தார். 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 7 கிராம்தான் இருந்தது. என்னை நன்கறிந்த பெரியவர் ஒருவர், பெண்பிள்ளைகள் இப்படி மூளையைக் கசக்கிப் படித்தால் உடம்பு கெடத்தான் செய்யும், படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்ச் சேர் என்று அன்போடு அறிவுரை கூறினார்.

அந்த அறிவுரை புதிதன்று என்பதைப் பின்னர் அறிந்தேன். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாட்டில் புகழ் பெற்ற மருத்துவப் பேராசிரியர் ஒருவர் அதையே ஒரு நூலாக எழுதினார். அதற்கு மறுமொழி தந்தவரே மேரி பட்னம் ஜாக்கோபி.

மேரி 1842-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் பால்மர் பட்னம் பெயர் பெற்ற அமெரிக்கப் புத்தக வெளியீட்டாளர். தொழிலின் பொருட்டு லண்டனில் தங்கியிருந்த அக்குடும்பம், மேரி சிறுமியாயிருக்கும்போதே நியூயார்க்குப் பகுதிக்குத் திரும்பியது. பிள்ளைகள் பலர் இருந்த அவ்வீட்டில் மேரியே மூத்தவர். பதினேழு வயதிலேயே அவர் எழுதிய கதை அட்லாண்டிக் மந்த்லி என்னும் சிறந்த இதழில் வெளிவந்தது. எழுத்துலகில் எளிதாகப் புகழ் பெற்றிருக்கலாம். ஆனால் அவர் மனம் அறிவியலை நாடியது.

1863-இல் நியூயார்க் மருந்தியல் கல்லூரியில் தேறினார். அடுத்த ஆண்டே பென்சில்வேனியாப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நம் நாட்டு ஆனந்திபாய் ஜோஷி, 1886-இல் மருத்துவப் பட்டம் பெற்றதும் அதே கல்லூரியில்தான். இரண்டு பட்டங்களைப் பெற்ற பின்பும் மேரிக்கு நிறைவு உண்டாகவில்லை. ஆடவர் கற்கும் அளவுக்கு ஆழமாகக் கற்க வேண்டுமானால் ஐரோப்பாவிற்குச் செல்ல வேண்டும் என்று கண்டார். 1866-இல் பாரிசு நகரை அடைந்தார்.

பாரிசு மருத்துவப் பள்ளியில் அதுவரை பெண்கள் எவரும் படித்ததில்லை. மருத்துவமனைகளில் பயின்றும், நூலகங்களில் படித்தும், விண்ணப்பத்தின் மேல் விண்ணப்பம் அனுப்பியும் அவர் காத்திருந்தார். இறுதியில் கல்வி அமைச்சரின் தலையீட்டால் 1868-இல் கதவு திறந்தது. திறந்ததும் பெருங்கதவன்று. பக்கத்து வாயில் வழியாக வரவேண்டும், மாணவர்களோடு அமராமல் பேராசிரியருக்கு அருகில் தனியாக அமரவேண்டும் என்பது ஏற்பாடு. அவர் அதற்காகச் சினங்கொண்டு திரும்பிவிடவில்லை. எந்த வாயில் வழியாக வந்தால் என்ன, பாடம் ஒன்றுதானே!

1870-இல் பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டது. நகரம் பசியால் வாடியது. முற்றுகை நீங்கியதும் உள்நாட்டுக் கலகம் மூண்டது. இவற்றுக்கிடையே மேரி நகரை விட்டு அகலாமல் படிப்பை முடித்தார். 1871-இல் கொழுப்பையும் கொழுப்பு அமிலங்களையும் பற்றிய ஆய்வுரையை அளித்து உயர்ந்த பாராட்டுடன் பட்டம் பெற்றார். அவருக்கு ஓராண்டு முன் இங்கிலாந்தின் எலிசபெத் காரெட் அங்கே பட்டம் பெற்றிருந்ததால், அப்பள்ளியில் தேறிய இரண்டாவது பெண் என்னும் பெருமை மேரிக்குக் கிடைத்தது.

நாடு திரும்பியவர் நியூயார்க்கில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியரானார். பெண்களின் மருத்துவக் கல்வியை உயர்த்த 1872-இல் ஒரு சங்கம் நிறுவினார். 1873-இல் குழந்தை மருத்துவத்தில் பெரும்புகழ் கொண்ட ஆபிரகாம் ஜாக்கோபியை மணந்தார்.

அதே 1873-இல்தான் முன்னே சொன்ன நூல் வெளிவந்தது. எழுதியவர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பேராசிரியராயிருந்த எட்வர்டு கிளார்க். மனித உடலில் உள்ள ஆற்றல் ஓர் அளவுக்கு உட்பட்டது. பருவமெய்திய பெண் ஆடவரைப் போலப் படித்தால் அவ்வாற்றல் மூளைக்குச் சென்றுவிடும். கருப்பையும் சினைப்பையும் வளராமல் நலியும். ஆகவே மாதவிலக்கு நாட்களில் பெண்கள் படிப்பை நிறுத்தி ஓய்வு கொள்ளவேண்டும் என்பது அந்நூலின் சாரம். இதற்குச் சான்றாக அவர் காட்டியவை நோயுற்ற மாணவியர் சிலரின் கதைகள். அளவை இல்லை, ஒப்பீடு இல்லை. ஆயினும் நூல் பரபரப்பாக விற்றது. பல பதிப்புகள் கண்டது. பெண்களுக்குக் கல்லூரிக் கதவை அடைக்க விரும்பியவர்களுக்கு அது கை வாளாயிற்று.

மறுத்துப் பலர் எழுதினர். அவர்களுட் பெரும்பாலோர் நியாயம் பேசினர், உரிமை பேசினர். மேரியோ எண்ணத் தொடங்கினார்.

மாதவிலக்கின்போது பெண்களுக்கு உடலோய்வும் மன ஓய்வும் வேண்டுமா, வேண்டுமானால் எவ்வளவு என்பதே ஹார்வர்டு பல்கலைக் கழகம் வழங்கிய பாயில்ஸ்டன் பரிசுக்கு அப்போது குறிக்கப்பட்ட பொருள். கட்டுரைகளைப் பெயரின்றி அனுப்ப வேண்டும் என்பது விதி. எழுதியது ஆணா பெண்ணா என்று நடுவர்கள் அறியமாட்டார்கள். மேரிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

அவர் செய்த முதற்காரியம் மிக எளியது. எளியதாயிருந்தும் கிளார்க் செய்யாதது. பெண்களையே கேட்டார்! வினாத்தாள் ஒன்று தயாரித்து ஆயிரம் படிகள் அனுப்பினார். வயது, படிப்பு, தொழில், நாள்தோறும் நடக்கும் தொலைவு, பொதுவான உடல்நலம், மாதவிலக்கு நாட்களில் வலி உண்டா, இல்லையா என்றெல்லாம் வினவினார். 268 பெண்கள் விடை எழுதினர். அந்நாளில் பெண்ணொருத்தி இதைத் தாளில் எழுதி அனுப்புவதற்கு எத்துணைத் துணிவு வேண்டியிருக்கும்! விடை எழுதியவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் தமக்கு வலியோ தளர்ச்சியோ ஒருபோதும் இருந்ததில்லை என்றனர். மாதவிலக்கு என்றாலே நோய் என்னும் கொள்கைக்கு அங்கேயே அடி விழுந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. பெண்கள் சிலரின் நாடித் துடிப்பைக் கருவி கொண்டு மாதம் முழுதும் கோடாக வரைந்தார். சிறுநீரில் வெளியேறும் யூரியாவை அளந்தார். உடல் வெப்பத்தையும் தசை வலிமையையும் குறித்தார். மாதவிலக்கு நாட்களில் உடல் திடீரென்று ஒடிந்து விழுவதில்லை, மாதம் முழுதும் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அலை ஒன்றே உடலில் ஓடுகிறது என்பதே அவர் கண்டது. ஹார்மோன்களைப் பிரித்தறிந்தது இருபதாம் நூற்றாண்டில்தான் என்பதை நினைக்கும்போது, வெறும் நாடிக் கருவியோடு அவர் எட்டிய தொலைவு வியப்பளிக்கிறது.

நல்ல ஊட்டமும் நலமும் உடைய பெண்ணுக்கு மாதவிலக்கின் பொருட்டுக் கட்டாய ஓய்வு தேவையில்லை என்று அவர் முடிவு கூறினார். அதே வேளையில், வலியால் துடிப்பவர்கள் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. அவர்களுடைய துன்பத்திற்குக் காரணத்தைத் தேடவேண்டும், அதைப் பெண்ணாகப் பிறந்ததன் விதி என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதே அவர் கருத்து. இந்த வேறுபாட்டை நாம் நன்கு பற்றிக்கொள்ள வேண்டும். மாதவிலக்கு நோயன்று. ஆனால் மாதவிலக்கில் நோய் வரலாம்.

1876-இல் பரிசு அவருக்கே கிடைத்தது. அப்போது அவர் கையில் ஒரு வயதுக் குழந்தை இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். கட்டுரை அடுத்த ஆண்டு நூலாக வந்தது. பரிசளித்த ஹார்வர்டின் மருத்துவப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டதோ 1945-இல்தான்! நம் சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பதை எண்ணித் தமிழ் மாணவராகிய நாம் சற்றே பெருமைப்படலாம்.

1880-இல் நியூயார்க் மருத்துவக் கழகம் மேரியை உறுப்பினராக ஏற்றது. அக்கழகத்தில் இடம் பெற்ற முதற் பெண் அவரே. கருப்பையின் உட்சவ்வு அழற்சியைப் பற்றியும், நரம்பு நோய்களைப் பற்றியும், குழந்தைகளின் நோய்களைப் பற்றியும் நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். நோயுற்ற பெண்களைப் பல வாரம் படுக்கையிலேயே கிடத்தி, படிக்கவும் எழுதவும் விடாமல் தடுக்கும் ஓய்வு மருத்துவம் அக்காலத்தில் நாகரிகமாயிருந்தது. அதனால் வாடிய எழுத்தாளர் ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன், பின்னாளில் மேரியிடம் மருத்துவம் பெற்றார். மேரியோ அவருக்கு வேலை கொடுத்தார்.

துன்பம் அவர் வீட்டையும் விடவில்லை. மகன் எர்ன்ஸ்ட் 1883-இல் தொண்டை அடைப்பான் நோயால், ஏழு வயதில் இறந்தான். பெற்றோர் இருவரும் மருத்துவர். தந்தையோ அந்நோயிலேயே வல்லுநர். அறிந்தவர் கையிலிருந்தும் உயிர் நழுவுகிறது என்பதை அவ்வீடு கண்டது. மேரி துயரத்தோடு பணியைத் தொடர்ந்தார். 1894-இல் பெண்களின் வாக்குரிமைக்காக நியூயார்க் மாநில அரசியலமைப்பு மாநாட்டின் முன் வாதாடினார்.

1896 முதல் அவருக்குப் பின்மண்டையில் தலைவலி தொடங்கியது. மூளையை அழுத்தும் கட்டி அது. தம் உடலில் தோன்றிய ஒவ்வொரு குறியையும் வரிசைப்படுத்தி, தாம் எதனால் இறக்கப்போகிறோம் என்பதை மருத்துவக் கட்டுரையாகவே எழுதி வைத்தார். 268 பெண்களிடம் கேட்ட கேள்வியை இறுதியில் தம்மிடமே கேட்டுக்கொண்டார் எனலாம். 1906-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள், தம் 63-ஆம் வயதில் மறைந்தார்.

இனி நம் கதைக்கு வருவோம். என் மருத்துவரும் என்னை எண்ணத்தான் சொன்னார். எத்தனை நாள், நாளொன்றுக்கு எத்தனை அணையாடை, கட்டி கட்டியாகப் போகிறதா என்று மூன்று மாதம் நாட்குறிப்பில் எழுதினேன். ஒரு மாதவிலக்கில் 80 மில்லிலிட்டருக்கு மேல் குருதி போனால் அது மிகை என்பது மருத்துவக் கணக்கு. ஒரு மில்லிலிட்டர் குருதியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. 80 மில்லிலிட்டர் என்றால் 40 மில்லிகிராம். நம் உடல் உணவிலிருந்து நாளொன்றுக்கு ஈர்ப்பதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். மாதந்தோறும் இழப்பை ஈடுசெய்ய இயலாமல் உடல் கடனில் மூழ்குவதற்கு வேறு கணக்கு வேண்டுமா? 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் குருதிச் சோகை உடையவர்கள்.

ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், ஒன்றிரண்டு மணிக்கொரு முறை அணையாடையை மாற்ற நேர்ந்தாலும், அதற்காக இரவில் எழ வேண்டியிருந்தாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். கருப்பையில் தசைக் கட்டி, தைராய்டுக் குறைபாடு, குருதி உறையாமை என்று காரணங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் உண்டு. எனக்குத் தைராய்டுக் குறைபாடு. மாத்திரையும் இரும்புச் சத்தும் உண்டு தேறினேன். தள்ளிப்போன செய்முறைத் தேர்வையும் எழுதி முடித்தேன். ஊருக்குப் போகவில்லை.

தோழர்களே, இக்கட்டுரை உங்களுக்கும்தான். வகுப்புக்கு வராத தோழியின் குறிப்பேட்டைக் கேலியின்றி எழுதிக் கொடுங்கள். தோழியரே, விடுதியில் உங்களுக்கு இப்படியொரு துன்பம் நேர்ந்தால் நாணம் கொண்டு மறைக்காதீர்கள். மேரி அம்மையார் அன்று ஆயிரம் பெண்களைக் கேட்டார். நாம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவளையாவது கேட்கலாம் அல்லவா?