வெயில்லயும் ‘பனி’ மூடிய மரங்கள்... கண்ணுக்குத் தெரியாததைப் படம்பிடித்த ராபர்ட் வுட் யார்?

கொளுத்துற வெயில். ஆனா போட்டோவில் மரங்கள் பனி மூடினது மாதிரி வெள்ளை வெளேர்னு நிற்கும். வானமோ கன்னங்கரேல். கருப்பு வெள்ளை இன்ஃப்ராரெட் ஃபிலிமின் அடையாளமே இதுதான். இப்படியான படங்களை 1910-லேயே வெளியிட்டவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட்.

யார் இவர்?

1868-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் கான்கார்டில் பிறந்தவர். 1901 முதல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஒளிதான் அவரோட உலகம்.

ஃபில்டர் எதுக்கு?

நம்ம கண் சிவப்போடு நின்னுடும். அதுக்கு அப்பால் இருப்பது அகச்சிவப்பு. ஆனா அதைப் பதிவு செய்யும் ஃபிலிம் நீல ஒளியையும் சேர்த்தே வாங்கிக்கும். அப்படியே எடுத்தா சாதாரணப் படம்தான் வரும். அதனால் மற்ற நிறங்களைத் தடுத்து, அடர் சிவப்பையும் அதைத் தாண்டிய ஒளியையும் மட்டும் விடும் ஃபில்டரை வுட் பயன்படுத்தினார். உள்ளே போகும் வெளிச்சம் ரொம்பக் குறைவு. ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் காத்திருக்கணும்!

இலை ஏன் வெள்ளை?

பலரும் நினைப்பது போல இது வெப்பம் இல்லை. அகச்சிவப்பை இலையின் பச்சையம் உறிஞ்சாது. இலைக்குள் இருக்கும் செல்கள் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிடும். இதுக்குப் பெயர் ‘வுட் எஃபெக்ட்’. மரம்னு அர்த்தம் இல்லீங்க, இவர் பெயர்தான்!

இல்லாத கதிரைப் பிடித்தவர்

1903-ல் ‘என் கதிர்’களைக் கண்டுபிடித்ததாக பிரெஞ்சு விஞ்ஞானி புளோண்ட்லோ அறிவித்தார். தாங்களும் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள். 1904-ல் நான்சி நகரில் இருந்த அவரது ஆய்வகத்துக்கே போனார் வுட். இருட்டில் சோதனை நடக்கும்போது, கருவியில் இருந்த முக்கியமான பட்டகத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். ஆனாலும் கதிர் தெரிவதாகவே அளவுகள் சொல்லப்பட்டன! அதை அவர் ‘நேச்சர்’ இதழில் எழுத, ‘என் கதிர்’ கதை முடிஞ்சது. புளோண்ட்லோ ஏமாற்றுக்காரர் இல்லை. ஆசைப்பட்டதையே அவர் கண் பார்த்தது.

இன்னைக்கும் இருக்கார்

1955-ல் 87 வயதில் வுட் மறைந்தார். தோல் டாக்டர்கள் படர்தாமரை, வெண்புள்ளி போன்றவற்றைச் சோதிக்கும் புற ஊதா விளக்குக்கு இன்றும் ‘வுட்ஸ் லேம்ப்’னுதான் பேர். பயிர் செழிப்பா இருக்கா, வாடுதான்னு செயற்கைக்கோள்கள் கணிப்பதும், இலைகள் திருப்பி அனுப்பும் அதே அகச்சிவப்பை வைத்துத்தான்.