புள்ளிகளால் புத்தகம் தந்தவர்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மணவூர்ப் பிள்ளைகள் புதுப் பாடநூலைப் பிரித்து முகர்ந்து பார்க்கிறார்கள். பார்வையற்ற பிள்ளைக்கும் அதே நாளில் அந்த நூல் கிடைக்கிறதா? இக்கேள்வியோடு லூயி பிரெயில் அவர்களின் வாழ்வை நாம் நோக்குவோம்.

1809 சனவரி 4 அன்று, பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில் குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தார். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் எடுத்து விளையாடிய குத்தூசி கண்ணில் பாய்ந்தது. புண் மறு கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதில் பார்வை முழுதும் போயிற்று. பங்குத்தந்தை பல்லுய் அவருக்குத் தாமே பாடம் சொல்லித் தந்தார். (பங்குத்தந்தையின் பணி பீடத்தோடு முடிவதில்லையே!)

1819இல் பாரிசிலுள்ள பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே புடைப்பெழுத்து நூல்கள் இருந்தன. ஆனால் மிகச் சில. ஒவ்வொன்றும் பெரும் சுமை. ஒவ்வோர் எழுத்தையும் தடவி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடும். தாமே எழுதவோ வழியில்லை. பார்வையுள்ளோர் தம் கண்ணுக்குப் பிடித்த வடிவையே கொடுத்தார்கள். விரலுக்கு எது வசதி என்று யாரும் கேட்கவில்லை.

பார்பியே என்ற படை அதிகாரி, இருளில் படிக்கப் பன்னிரு புள்ளி முறையொன்றை வகுத்திருந்தார். லூயி அதை ஒரே விரல் நுனியில் அடங்கும் ஆறு புள்ளிகளாக்கினார். அப்போது வயது 15! புள்ளி குத்தும் கருவியும் அந்தக் குத்தூசியைப் போன்றதே. 1829இல் இம்முறை நூலாக வெளிவந்தது. அதே பள்ளியில் ஆசிரியரானார். ஆலயங்களில் ஆர்கன் இசைத்தார். ஆயினும் 1840களில் புதிய இயக்குநர் இம்முறைக்குத் தடை விதித்தார். மாணவர்களோ மறைவாகப் புள்ளி குத்தித் தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள். 1844இல் தடை தளர்ந்தது.

காசநோயால் 1852 சனவரி 6, திருக்காட்சித் திருநாளன்று, 43 வயதில் இறந்தார். பிரான்ஸ் அவர் முறையை முறைப்படி ஏற்றது 1854இல்தான். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் வந்தது.

நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி உண்டு. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக ஒரு நூலைப் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ மாற்ற உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. ஆனால் ஒரே பாடநூல் பிரெயிலில் பல தடித்த தொகுதிகளாகும். தயாரிக்க நாள் பிடிக்கும். எனவே நம் பங்கில் அப்படியொரு பிள்ளை இருந்தால், கோடை விடுமுறைக்கு முன்பே தலைமையாசிரியரிடம் நூலைக் கேட்டு வைப்போம்.